மாதாவின் காலடியில் மெஷின் ஒயில்

ஆகஸ்ட் 2, சனி

காலையிலிருந்து தூறல். துணி காயாது.

கோயில் துணி துவைக்கும் நாள். கிண்ணம் துடைக்கும் துணி 7. பீடத்தின் நடுவில் விரிக்கும் சதுரத் துணி 3. கைத்துண்டு 4. மாதா சுரூபத்தின் காலடியில் விரிக்கும் வெள்ளைச் சாட்டின் துணி 1. இந்தக் கடைசி, பீடச் சங்கத் தலைவி ரெஜினா அக்கா தன் செலவில் தைத்துக் கொடுத்தது. உள்ளே பஞ்சு வைத்து இரட்டை மடிப்பு, நாலு பக்கமும் லேஸ். துவைக்கிறவளை நினைத்துத் தைத்ததாகத் தெரியவில்லை.

முதல் தண்ணீர் கையால் அலசி ஜம்பு மரத்தடியில் ஊற்றினேன். அதில் பூசையில் மந்திரித்த அப்பத் துணுக்கு இருக்கலாம், இரசத் துளி இருக்கலாம், சாக்கடைக்குப் போகக் கூடாது. அம்மா சொல்லிக் கொடுத்தபடி. அதற்குப் பிறகு அம்மா சொல்லிக் கொடுக்காதபடி: எல்லாவற்றையும் மெஷினில் போட்டேன். இரண்டு வருடமாக இப்படித்தான். சங்கத்தின் விதி, கோயில் துணி கையால் மட்டும். என் மணிக்கட்டு இரண்டும் அந்த விதியைக் கேட்பதாக இல்லை. ஒஃபீஸில் பேனா பிடிப்பதே பாடு. எல்லோரும் நான் கையால் துவைக்கிறேன் என்று நினைக்கிறார்கள். நானும் மறுத்ததில்லை.

மத்தியானம் துணி எடுக்கப் போனால் மெஷினுக்குக் கீழே பழுப்பாக ஒரு கோடு. எறும்பு என்று நினைத்து விரலால் தொட்டேன். வழுக்கியது. ஒயில்.

அம்மா படுக்கையில் விழுந்த வருடம் தம்பி இத்தாலியிலிருந்து இங்கே ஆள் பிடித்து வாங்கிக் கொடுத்த மெஷின். அப்போதே யாரோ பாவித்துத் தள்ளியது. தான் வருவதற்குப் பதிலாக இதை அனுப்பினான். மூன்று வருடம் அம்மாவின் படுக்கை விரிப்புகளைத் துவைத்தது. அந்த வகையில் அவனை விட மேல்.

கட்டுகஸ்தோட்டை ரிஸ்வான் நானாவுக்கு போன். முன்பு ஒருமுறை மெஷினுக்கு பெல்ட் மாற்றித் தந்தவர். டவுனில் பெரஹர ஊர்வலம் நடக்கும் நாட்கள். "பெரஹரவுக்கு ரோட்டெல்லாம் மூடீக்கி மிஸ். டவுனத் தாண்டி அம்பிட்டியவுக்கு சாமான் தூக்கிட்டு வர ஏலாது. அடுத்த சனிக்கெழம வாரன்."

ஐஸ்கிரீம் டப்பா மூடி ஒன்றைக் கீழே வைத்திருக்கிறேன். சொட்டட்டும்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

நல்ல வெயில். தலையணை உறையில் மூன்று புள்ளி, என் நைட்டியில் ஒன்று. காய்ந்த தேன் மாதிரி நிறம். கோயில் துணி எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பி, மூக்குக் கண்ணாடி போட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கிண்ணத் துணி இரண்டில் புள்ளி. பாத்திரம் கழுவும் திரவம் போட்டு, பழைய பல்துலக்கியால் தேய்த்து, முகப் பவுடர் தூவி, எலுமிச்சம்பழம் பிழிந்து வெயிலில். போயிற்று. மணிக்கட்டும் போயிற்று.

சாட்டின் துணியில் ஒன்றும் இல்லை. இரண்டு தரம் பார்த்தேன். வெள்ளை வெளேர்.

பக்கத்துத் தபால்கார வீட்டுக்காரி மதிலுக்கு மேலால்: "மண்ணெண்ண போடுங்கக்கா, பறந்துரும்." போட்டிருந்தால் பூசையில் மண்ணெண்ணெய் மணத்திருக்கும்.

தம்பி போன் எடுத்தான். மெஷின் ஒழுகுகிறது என்றேன். "அதத் தூக்கி வீசுக்கா, பழசுதானே." எதைப் பற்றியும் அவனுக்கு இதே பதில்தான். இந்த வீட்டைப் பற்றியும் ஒருமுறை சொன்னான்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ஒஃபீஸ் விட்டு நேரே கோயில். மாதா திருநாளுக்கான ஒன்பது நாள் செபம், நவநாள், நாளை ஆரம்பம். துணிக் கூடையைக் கொடுத்தேன். ரெஜினா அக்கா சாட்டின் துணியை மூக்கில் வைத்து முகர்ந்தார்.

"பாத்தீங்களா, ஜெசி கை பட்டாத்தான் இந்த வெள்ள. மெஷின்ல போட்டு எடுக்குற ஆளுகளுக்கு இது வருமா."

சுற்றி நின்ற நாலு பெண்களும் என் கையைப் பார்த்தார்கள். பையைப் பிடித்திருந்ததால் கை மறைந்திருந்தது. கூச்சமும் வந்தது, கொஞ்சம் சந்தோஷமும் வந்தது. இரண்டாவதுதான் அதிகம். இந்தக் கோயிலில் எனக்கென்று இருப்பது அந்தக் கூடை ஒன்றுதான். பாட வராது. வாசகம் வாசிக்கக் கூப்பிட மாட்டார்கள். கல்யாணம், பிள்ளை, பேரன் என்று முன்வரிசையில் போய் உட்காரக் காரணம் எதுவும் இல்லை. பன்னிரண்டு வருடமாகக் கூடை.

வரும்போது பாண், தேங்காய், மணிக்கட்டுக்கு வலிக் களிம்பு.

ஆகஸ்ட் 7, வியாழன்

நவநாள் இரண்டாம் நாள். ஐந்தரைக்கு ரெஜினா அக்காவிடமிருந்து போன்.

"ஜெசி, ஒடனே வா. மாதா காலடியில எண்ணெ வடியுது."

போனேன். சுரூபத்தின் பாதத்துக்குக் கீழே சாட்டின் துணியில் இரண்டு திட்டு. ஒன்று கை அகலம். இரண்டு பக்கமும் மெழுகுதிரி வரிசை, அந்த இடமே கணகணவென்று சூடு. பெண்கள் முழங்காலில். ஒருத்தி அழுதுகொண்டு. ஒருவர் போனில் படம் பிடித்துக்கொண்டு.

"ரோசாப்பூ வாசம் வருது, மணந்து பாருங்க."

மணந்து பார்த்தேன். கடைசி அலசலில் நான் ஊற்றும் வாசனைத் திரவம். ரோஜாப்பூப் படம் போட்ட போத்தல், குளியலறைத் தட்டில் பாதி இருக்கிறது.

அந்த நிறமும் எனக்குத் தெரியும். என் தலையணை உறையில் இருக்கிறது.

ஃபாதர் வந்து துணியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அவசரப்பட்டு ஒண்டும் சொல்ல வேணாம், செபம் சொல்லுவம்" என்றார். வயது முப்பத்தைந்து இருக்கும். பயந்த மாதிரி இருந்தார். நானும் முழங்காலில் நின்று செபமாலை சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

பௌர்ணமி, போயா லீவு. வீடு கூட்டினேன். ஐஸ்கிரீம் மூடி நிரம்பிவிட்டது, மாற்றினேன்.

சாயங்காலம் கோயிலில் இடமில்லை. பேராதனையிலிருந்து வான் பிடித்து ஆட்கள். திட்டு மூன்றாகிவிட்டது.

சொல்லிவிடலாம் என்று இரண்டு தரம் எழுந்தேன். எப்படி ஆரம்பிப்பது? மெஷினிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இரண்டு தரமும் மறுபடி உட்கார்ந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 9, சனி

ரிஸ்வான் நானா சொன்னபடி வந்தார். மெஷினைச் சுவரில் சாய்த்து, டோர்ச் அடித்து, விரலை விட்டு எடுத்தார். விரல் நுனியில் தேன் நிறம்.

"கியர் பொக்ஸ் ஒயில் சீல் போயீக்கி மிஸ். கீழயும் சிந்துது, சுத்துற நேரம் தொட்டிக்குள்ளயும் ஏறுது. இந்த மொடலுக்கு இப்ப சீல் வாரல்ல. வெள்ள உடுப்பு ஏதும் போட்டீங்களா?"

"கொஞ்சம்."

"கழுவி எடுக்குற நேரம் தெரியாது. மொத்தத் துணி, பஞ்சு வச்சது எண்டா உள்ளுக்குப் போய் நிண்டுக்கும். சூடு பட்டாத்தான் மெல்ல வெளிய வரும். ஹோட்டல் தலாணிக்கெல்லாம் இப்பிடி நடந்தீக்கி."

தேநீர் குடிக்கும்போது, "உங்கட கோயில்ல ஏதோ அற்புதமாம்தானே, எங்கட வீட்டுலயும் வீடியோ பார்த்தாங்க" என்று போனை எடுத்துக் காட்டினார். இரண்டு பேரும் பார்த்தோம். வெள்ளைத் துணி, தேன் நிறத் திட்டு. வீடியோ முடிந்தது. அவர் தன் விரலைப் பார்த்தார். பிறகு துணி காயப்போடும் கொடியைப் பார்த்தார். பழந்துணியால் விரலை நன்றாகத் துடைத்து, போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வேலை தெரிந்த மனிதர்.

போகும்போது வாசலில் நின்று, "மெசினப் பாவிக்க வேணாம் மிஸ்" என்றார்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பூசை முடிந்ததும் ஃபாதர் தேயிலைத் தோட்டத்துக் கோயில் பூசைக்குப் புறப்பட்டார். யாரும் துணியைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அவருடைய மோட்டார்சைக்கிள் சத்தம் அடங்குவதற்குள் ரெ. அக்கா பஞ்சு எடுத்துத் துணியில் ஒற்றிக் கொடுக்கத் தொடங்கிவிட்டார். வரிசை வாசல் வரைக்கும்.

முத்துலட்சுமி வந்திருந்தாள். எங்கள் வீட்டுக்குக் கீழே, படி இறங்கினால் இரண்டாவது வீடு. இந்துக்கள், ஆனால் மாதா திருநாளுக்கு வருடா வருடம் வந்து மெழுகுதிரி கொளுத்துவாள். புருஷன் ராமையா, கடையொன்றில் காவல்காரர். சீனி வருத்தம், நீரிழிவு. வலது காலில் புண், மூன்று மாதமாக ஆறவில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் பேராதனை கிளினிக்கில் மருந்து கட்டுகிறார்கள்.

"அவருக்குத் தடவத்தான்க்கா" என்றாள்.

பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன். தலைவலி. சோறு இறங்கவில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

ஒஃபீஸில் எல்லோருடைய வட்ஸ்அப்பிலும் அந்த வீடியோ. சிங்களப் பிள்ளை ஒருத்தி, "ஜெசி மிஸ் போற கோயில்தானே இது" என்று கேட்டாள். தனக்கும் ஒரு துண்டு பஞ்சு கிடைக்குமா என்றாள்.

நவநாளுக்கு முன் பாவசங்கீர்த்தனம் கேட்கிறார்கள். வரிசையில் நின்றேன். பலகைத் தட்டிக்குப் பின்னால் முழங்காலில் நின்று எல்லாவற்றையும் ஃபாதரிடம் சொல்லிவிட்டேன். மெஷின், ஒயில், ரோஜாப் போத்தல், இரண்டு வருடப் பொய்.

"இது ஆருக்கு எல்லாம் தெரியும்?"

"உங்களுக்கு மட்டுந்தான் ஃபாதர்."

"பாவசங்கீர்த்தனத்துல கேட்டத நான் வெளியில எடுக்க ஏலாது. உங்களுக்குத் தெரியுந்தானே. அந்தத் துணியக் கழட்டச் சொல்லக்கூட இனி எனக்கு வழியில்ல. நாளைக்கு என்ட ஒஃபீசுக்கு வந்து இதையே என்னட்டச் சொல்லுங்க. வருவீங்களா?"

வருகிறேன் என்றேன். பாவமன்னிப்புக் கொடுத்தார். வெளியே வரும்போது உடம்பு லேசாக இருந்தது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

போகவில்லை.

மேசையில் வேலை இருந்தது என்று எழுதலாம். இருக்கவில்லை. நாலரைக்குப் பஸ் எடுத்து, கோயிலுக்கு ஒரு தரிப்பு முன்னால் இறங்கி, மரக்கறி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். போஞ்சி, கரட், லீக்ஸ். கரட் எல்லாம் வாடல்.

நேற்று அந்த மனிதரின் வாயைக் கட்டிவிட்டேன். எனக்குத் தெரியாமல் செய்தேனா? சின்ன வயதிலிருந்து ஞானோபதேசம் படித்தவள். பாவசங்கீர்த்தன இரகசியம் குருவானவரைக் கட்டும் என்று ஏழு வயதுப் பிள்ளைக்கும் தெரியும். சொன்னதாகவும் இருக்க வேண்டும், ஒருவருக்கும் தெரியாமலும் இருக்க வேண்டும். அதற்கு இருக்கும் ஒரே இடம் அந்தப் பலகைத் தட்டி. அதைத் தேடிப் போய்ச் சொன்னேன். என்னைப் போன்ற கோழைக்கு நல்ல ஏற்பாடு.

ஆகஸ்ட் 13, புதன்

காற்று. ஜம்பு இலை முற்றமெல்லாம்.

காலையில் முத்துலட்சுமி மேலே வந்தாள். கையில் சின்னத் தகர டப்பா.

"அக்கா, பஞ்சு முடியப் போகுது. நீங்கதான் உள்ள போறவுங்க. இன்னொரு துண்டு ஒத்தித் தருவீங்களா?"

"அவரு எப்படி இருக்காரு? இன்னைக்கு கிளினிக் போற நாள்தானே?"

"போகலக்கா. திங்கக்கெழமயும் போகல. கட்டப் பிரிச்சுட்டு ரெண்டு வேளையும் இதத்தான் தடவுறோம். மேல மருந்தும் போட்டா மாதாவ நம்பாத மாதிரி ஆயிருமேன்னு."

அவளோடு படி இறங்கினேன். ராமையா கதிரையில் காலைத் தூக்கி வைத்திருந்தார். வாசலிலேயே நாற்றம். இரண்டு விரல் கறுத்து, பாதம் வீங்கி மினுமினுவென்று. "வலிக்கலைங்க" என்று சிரித்தார். வலிக்காததுதான் பயமாக இருந்தது.

அங்கேயே சொன்னேன். முத்துலட்சுமி என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நீங்க வேதக்காரவுங்க. நீங்களே இப்பிடிச் சொல்லலாமா அக்கா."

கையைப் பிடித்து மேலே கூட்டிவந்தேன். மெஷினைச் சாய்க்க என் கையால் முடியவில்லை, அவள்தான் சாய்த்தாள். புதுப் பஞ்சை அடியில் துடைத்து எடுத்தேன். அவளுடைய டப்பாவைத் திறந்து பக்கத்தில் வைத்தேன். இரண்டையும் பார்த்தாள். இரண்டையும் மணந்தாள். ரோஜாப் போத்தலையும் எடுத்துக் காட்டினேன், அதையும் மணந்தாள்.

படி இறங்கிப் போனாள். டப்பாவை எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

லீவு போட்டேன். ஏழு மணிக்கு த்ரீவீலர், மூன்று பேரும் பேராதனைக்கு. வழியெல்லாம் குழி, ஒவ்வொரு குழிக்கும் அவள் அவருடைய காலைக் கையில் ஏந்திக்கொண்டாள்.

டொக்டர் இளம் பெண். பார்த்த உடனே வார்ட்டில் சேர்க்கச் சொன்னாள். புண்ணில் என்ன போட்டீர்கள் என்று கேட்டாள்.

"எண்ணெ" என்றாள் முத்துலட்சுமி.

"என்ன எண்ணெய்?"

அவள் என்னைப் பார்த்தாள். வாஷிங் மெஷின் கியர் ஒயில் என்று நான் சொன்னேன். டொக்டர் எழுதுவதை நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, மறுபடி எழுதினாள்.

பின்னேரம் நேரே ஃபாதரின் ஒஃபீஸ். ரெ. அக்காவும் நாளைய சோடனை பற்றிப் பேச வந்திருந்தார். அக்காவைப் போகச் சொல்லவில்லை, இருக்கட்டும் என்று அக்கா முன்னாலேயே சொன்னேன். நின்றபடி சொன்னேன். ராமையாவின் காலையும் சொன்னேன். ஃபாதர் மேசையைப் பார்த்தபடி முழுவதும் கேட்டார். முதல் தரம் கேட்பவர் போலவே இருந்தார். அவர் அப்படி இருக்க வேண்டியிருந்தது என்னால்தான். "சரி. துணிய இப்பவே எடுப்பம்" என்று எழுந்தார்.

ரெ. அக்கா வழிமறித்தார்.

"ஃபாதர், பன்னெண்டு வருஷமா ஒரு வேல. அதையும் மெஷின்ல போட்டு ஏமாத்தியிருக்கா. சரி, அவ பாவம் அவளுக்கு. இப்ப மாட்டிக்கிட்டதும் மாதாவயும் சேத்து இழுக்குறா. மெஷின் ஒயில்ல ரோசா வாசம் வருமா?"

போத்தலைப் பற்றிச் சொன்னேன்.

"பாருங்க, எல்லாத்துக்கும் ஒரு பதில் வச்சிருக்கா."

ஃபாதர் துணியை எடுத்து அலுமாரியில் வைத்துப் பூட்டினார். நவநாள் முடிவில் மைக்கில் சொன்னார்: கறை துவைக்கும்போது பட்டது, பஞ்சு வாங்கியவர்கள் புண்ணில் தடவ வேண்டாம், தடவியிருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகவும். என் பெயரைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை, எல்லாத் தலையும் திரும்பியது. பின்வரிசையில் ஒரு கிழவர் சத்தமாகவே சொன்னார்: "குடுத்து வைக்காத சனம். வந்தவளையும் விரட்டிட்டாளுக."

துணிக்கூடையை வழக்கம்போல எடுத்துக்கொண்டு வெளியே வரும்போது ரெ. அக்கா கையை நீட்டினார். கூடையைக் கொடுத்தேன். பிடியில் அம்மா சுற்றிய நீலத் துணி இருக்கிறது. அவிழ்த்துக்கொள்ள நினைவு வரவில்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

திருநாள். பூசைக்குப் போனேன். கடைசித் தூணுக்குப் பின்னால் நின்றேன். மாதாவின் காலடியில் புதுத் துணி, நீல நிறம். கறை தெரியாத நிறமாகப் பார்த்து எடுத்திருக்கிறார்கள்.

என் பக்கத்தில் இரண்டு ஆள் இடம் காலியாக இருந்தது. இடமில்லாமல் வெளியில் குடையோடு நின்றார்கள், இங்கே வந்து நிற்கவில்லை. போகட்டும். சுயஇரக்கப்படும் தகுதியும் எனக்கு இல்லை.

வீடியோவை இன்னும் அனுப்பிக்கொண்டிருக்கிறார்களாம். யாரோ பொறாமைக்காரி கிளப்பிய கதை என்று அடியில் எழுதுகிறார்கள். ஒஃபீஸ் பிள்ளை காட்டினாள். தான் பஞ்சு கேட்டதை மறந்துவிட்டாள்.

பழைய இரும்புக்காரன் வந்தான். மெஷினை இரண்டு பேராகத் தூக்கிப் போனார்கள். படியெல்லாம் ஒயில் சொட்டு. மரத்தூள் போட்டுத் தேய்த்தேன், போகவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

பின்னேரம் மழை. பேராதனை ஆஸ்பத்திரி, பார்வையாளர் நேரம். தோடம்பழம், பால்மாப் பெட்டி, பிளாஸ்கில் ரசம்.

நேற்று ராமையாவுக்கு இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். பாதம் தப்புமா என்று இன்னும் இரண்டு நாள் போனால்தான் சொல்வார்களாம். கிளினிக்கைத் தவறவிடாமல் வந்திருந்தால் விரலும் தப்பியிருக்கலாம் என்று நர்ஸ் சொன்னாராம். அவர் தூங்கிக்கொண்டிருந்தார். வாயைத் திறந்தபடி, சின்னப் பிள்ளை மாதிரி.

முத்துலட்சுமி எனக்குக் கதிரை இழுத்துப் போட்டாள். ரசத்தை வாங்கி வைத்தாள். கோபமாக இல்லை. நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். நீங்கள் கிளினிக்கை விட்டுவிட்டீர்கள் என்று புதன்கிழமை வரைக்கும் எனக்குத் தெரியாது என்று சொல்ல வந்தேன். அப்படித்தான் மனதுக்குள் தயார் செய்து வைத்திருந்தேன், பஸ்ஸில் வரும்போது.

அவள்தான் முதலில் பேசினாள். தாழ்ந்த குரலில், அவர் எழும்பிவிடக் கூடாது என்று.

"ஞாயித்துக்கெழம அந்த அம்மாவுக்குப் பக்கத்துல நின்னு பஞ்சப் பிச்சுப் பிச்சுக் குடுத்தது நீங்கதானேக்கா. என் கையில நீங்கதான் வச்சீங்க. கால்ல தடவத்தான்னு சொன்னேன். எல்லாரையும் பாத்தீங்க, என்னைய மட்டும் நிமுந்து பாக்கல. அப்பவே உங்களுக்குத் தெரியும்தானே?"

அன்றைய பக்கத்தில் இதை நான் எழுதவில்லை. யாரும் பார்க்காத நோட்டில்கூட எழுதவில்லை. ரெ. அக்கா பஞ்சுச் சுருளை என் கையில் கொடுத்தார். கூடைக்காரி என்று எல்லோர் முன்னாலும் பக்கத்தில் நிறுத்தினார். நின்றேன். ஒரு சுருள் முடிந்து இரண்டாவதும் பிரித்தேன்.

"தெரியும்" என்றேன்.

தலையை ஆட்டினாள். நான் இன்னும் உட்காரவில்லை. அந்தக் கதிரையை எடுத்து எனக்கும் கட்டிலுக்கும் நடுவில் போட்டு, எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, அவருடைய போர்வையைச் சரிசெய்யத் தொடங்கினாள்.